தம்பியின் மெடிக்கல் எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம்: இது வருத்தமா, உடம்பின் அமைப்பா?

கல்லடி_வாசி
எல்லாருக்கும் வணக்கம். என்ட தம்பிக்கு 26 வயசு. கட்டாருக்குப் போக மெடிக்கல் செய்யப் போன இடத்தில நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க. எடுத்தவர் படத்தைப் பார்த்துட்டு ஒண்டும் பேசாம இன்னொருக்கா நிக்கச் சொல்லி எடுத்திருக்கார். மறுகா உள்ளுக்க இருந்து வேற ஒருத்தர் வந்து பார்த்திருக்கார். கடைசியில குடுத்த துண்டில "டெக்ஸ்ட்ரோகார்டியா, இதய நிபுணரிடம் காட்டவும்" எண்டு மட்டும் எழுதியிருக்கு.

மெடிக்கல் அப்பிடியே நிக்குது. ஏஜென்சிக்காரர் "இதய வருத்தக்காரரை அனுப்ப ஏலா" எண்டுறார். அம்மா சாப்பிடாம இருக்கா. தம்பி தோணி வலிக்கிறவன், வாவியில நீந்துறவன், ஒரு நாளும் இளைச்சுக் களைச்சு இருந்தவனில்ல. இது வருத்தமா? ஒப்பரேஷன் வேணுமா? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க.

சம்மாந்துறை_காக்கா
படத்தை மறுபக்கமா வெச்சுப் பார்த்திருப்பானுகள் தம்பி. பயப்படாதீங்க.

இருட்டறை
காக்கா சொல்றது பகிடியில்ல, அப்பிடி நடக்கிறதுதான். ஆனா ரெண்டாவது படமும் எடுத்திருக்கிறாங்க எண்டா அதை அவங்களே யோசிச்சிருக்கிறாங்க.

நான் கிழக்கில பல ஆஸ்பத்திரிகளில எக்ஸ்ரே அறையில வேலை செய்து ஓய்வு பெற்றவன். டொக்டர் இல்ல, படம் எடுத்த ஆள். அந்த அளவோட கேளுங்க.

இதயம் வலப்பக்கம் தெரிஞ்சா எங்கட அறையில முதல் சந்தேகம் எங்கட மேலதான் விழும். படம் எடுக்கேக்க வலது, இடது எண்டு காட்ட ஒரு ஈய எழுத்து வைப்பம். அது மாறினாலோ, கம்ப்யூட்டரில படத்தைப் புரட்டி விட்டாலோ யாருக்கும் இதயம் இடம் மாறிப்போகும். அதுக்காகத்தான் திரும்ப எடுத்தது. நல்ல வேலைக்காரன், குறை சொல்லாதீங்க.

எழுத்து சரியெண்டு தெரிஞ்ச பிறகு கண் போற இடம் வயிறு. நிண்டு எடுத்த படத்தில இரைப்பைக்குள்ள இருக்கிற காற்று இடப்பக்க உதரவிதானத்துக்கு, அதாவது நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசைக்கு, கீழ கறுப்புக் குமிழா தெரியும். அந்தக் குமிழும் வலப்பக்கம் வந்திருந்தா, ஈரலும் இடப்பக்கம் போயிருந்தா, முழு உடம்பும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறியிருக்கு. அதுக்குப் பேர் சைடஸ் இன்வெர்சஸ் டோட்டலிஸ். எல்லாமே சேர்ந்து மாறினதால ஒண்டுக்கொண்டு பொருத்தம் கெடாது. இப்பிடியானவங்களில பெரும்பாலானோர் எங்கள மாதிரியே வாழ்ந்து முடிப்பாங்க.

குமிழ் வழமையான இடத்தில இருக்க, இதயம் மட்டும் வலப்பக்கம் எண்டா கதை வேற. அப்ப இதயத்துக்குள்ளேயே ஓட்டை, குழாய் மாறல் எண்டு குறைகள் சேர்ந்து வர வாய்ப்பு மிக அதிகம். அது பெரும்பாலும் குழந்தையிலேயே பிடிபடும்.

இன்னொரு வகையும் இருக்கு. இதயம் சரியாப் பிறந்து, பிறகு இழுபட்டுப் போறது. வலப்பக்க நுரையீரல் சுருங்கினாலோ, பழைய காசநோய்த் தழும்பு இருந்தாலோ இதயம் அந்தப் பக்கம் சாயும். அதை டெக்ஸ்ட்ரோகார்டியா எண்டு எழுதக் கூடாது, ஆனா எழுதிறவங்க இருக்கிறாங்க.

தம்பியின்ட படத்தில குமிழ் எந்தப் பக்கம்?

கல்லடி_வாசி
பேரை மறைச்சுப் படத்தைப் போட்டிருக்கன் ஐயா. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.

இருட்டறை
போனில வெளிச்சத்துக்குப் பிடிச்ச படம், இதை வெச்சு முடிவு சொல்ல மாட்டன். ஆனா என்ட கண்ணுக்கு: ஈய எழுத்து இருக்கு. இரைப்பைக் குமிழ் வலப்பக்கம். பெருநாடியின் வளைவும் வலப்பக்கம். வழமையா வலது உதரவிதானம்தான் கொஞ்சம் உயர நிக்கும், இதில இடது உயர நிக்குது. நுரையீரல் ரெண்டும் துப்புரவு. முழுசா மாறின வகை மாதிரித்தான் தெரியுது. இதயத்தை ஒலியலையால பார்க்கிற ஒரு எக்கோவும், வயித்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்து நிபுணரிடம் கடிதம் எடுங்க.

பாண்டிருப்புப்_பெடியன்
ஏன் சும்மா துண்டு துண்டா, ஒரேயடியா முழு உடம்பு சி.டி. எடுத்துட்டா எல்லாம் தெரியுமே?

இருட்டறை
தெரியும். ஆனா கேள்விக்குத் தேவையில்லாத கதிர். நெஞ்சு எக்ஸ்ரே ஒண்டில படுற அளவு 0.1 மில்லிசீவேர்ட்டுக்குள்ள. வயித்து சி.டி. ஒண்டு ஏறத்தாழ 7 முதல் 10 வரை போகும். நாம மண்ணிலயும் காற்றிலயும் இருந்து வருசம் முழுக்க வாங்கிறதே உலக சராசரியா 2.4 தான். ஈரல் எந்தப் பக்கம் எண்டு பார்க்க அல்ட்ராசவுண்ட் காணும், அதில கதிரே இல்ல. இதயத்துக்கு எக்கோ. அதுவும் ஒலிதான்.

வெள்ளைக்கோட்டு_மாணவி
இருட்டறை ஐயா சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். கல்லடி அண்ணா, தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து சளி, மூக்கடைப்பு, காதில் சீழ் என்று அடிக்கடி வந்ததா? விடாத இருமல் இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கரு மூன்று நாலு கிழமையாக இருக்கும்போது, அதன் மேல் ஒரு சின்னக் குழியில் நுண்ணிய மயிர்கள், சிலியா என்பார்கள், சுழன்று திரவத்தை இடப்பக்கம் தள்ளும். அந்த ஓட்டம்தான் "இது இடப்பக்கம்" என்று உடம்புக்குச் சொல்கிறது. சிலியா ஓடாவிட்டால் இடம் வலம் தீர்மானமாகாமல் பாதிப்பேருக்கு மாறி அமையும், பாதிப்பேருக்கு வழமைபோல அமையும். அதே வகைச் சிலியாதான் பிறகு மூச்சுக் குழாயிலும் மூக்கிலும் சளியைத் தள்ளிக் கொண்டு வரும். அங்கேயும் ஓடாவிட்டால் சளி தேங்கி, நுரையீரல் குழாய்கள் விரிந்து கெட்டுப்போகும்.

1933இல் மானெஸ் கார்டஜெனர் என்ற சுவிஸ் மருத்துவர் இடம் மாறிய உறுப்பு, சைனஸ் தொல்லை, விரிந்த மூச்சுக் குழாய் மூன்றும் சேர்ந்த நோயாளிகளை விவரித்தார். மூன்றும் ஏன் சேர்ந்து வருகின்றன என்பதை 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ் காட்டினார். அவர் பார்த்தது இருமலை அல்ல, பிள்ளை இல்லாத ஆண்களின் விந்தணுக்களை. விந்தணுவின் வாலும் சிலியா போன்ற அமைப்புத்தான். அசைவைத் தரும் சின்னக் கைகள் அதில் இல்லாமல் இருந்தன.

சைடஸ் இன்வெர்சஸ் உள்ளவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்கு இந்தச் சிலியாக் கோளாறு இருக்கும். மற்றவர்களுக்கு இடம் மட்டும்தான் மாற்றம்.

கல்லடி_வாசி
இல்ல தங்கச்சி, அப்பிடி ஒண்டும் இல்ல. மழைக்குத் தடிமன் வரும், எல்லாருக்கும் வாற மாதிரி.

சம்மாந்துறை_காக்கா
அப்ப இவர் இடக்கையனா?

கல்லடி_வாசி
வலக்கைதான் காக்கா. பந்து எறியிறதும் வலக்கை.

வெள்ளைக்கோட்டு_மாணவி
அது பெரிய ஆச்சரியம் இல்லை காக்கா. உறுப்புகள் மாறியவர்களிலும் பெரும்பாலானோர் வலக்கைக்காரர்தான். கைப்பழக்கத்தை மூளை வேறு வழியில் தீர்மானிக்கிறது.

இன்னொன்று. பத்தாயிரத்தில் ஒருவர் என்று புத்தகத்தில் படிக்கும்போது எங்கேயோ இருக்கிற ஆள் போலத் தோன்றும். மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 லட்சத்துக்கு மேல், அம்பாறையில் 6 லட்சத்துக்கு மேல் சனம். அந்தக் கணக்குப்படி வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் இடையில் நூறு பேருக்காவது இதயம் வலப்பக்கம் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அமெரிக்காவின் ஒரிகனில் ரோஸ் மேரி பென்ட்லி என்று ஒரு அம்மா 2017இல் 99 வயதில் இறந்தார். உடலை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குத் தானம் செய்திருந்தார். அடுத்த வருடம் மாணவர்கள் அறுத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, இதயம் இடப்பக்கமே இருக்க, வயிற்று உறுப்புகள் இடம் மாறி இருந்தன. ஐந்து பிள்ளை பெற்ற தாய்.

வாட்டு_மிஸ்
நான் ஆதார வைத்தியசாலை ஒன்றில் தாதி. ஈ.சி.ஜி. எடுக்கும் ஆட்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

இப்படியானவருக்கு வழமைபோல வயர் பூட்டினால் முதல் லீடில், அதாவது ஈ.சி.ஜி. தாளின் முதல் வரியில், எல்லாம் தலைகீழாக வரும். நாங்கள் வலது கை, இடது கை வயரை மாற்றிப் பூட்டினாலும் அதே மாதிரித்தான் வரும். வித்தியாசம் நெஞ்சில் இருக்கிறது. கை வயர் மட்டும் மாறியிருந்தால் நெஞ்சு லீடுகள் ஒழுங்காக இருக்கும். டெக்ஸ்ட்ரோகார்டியாவில் ஆறாவது நெஞ்சு லீடுக்குப் போகப் போக அலை சிறுத்துக்கொண்டே போகும். அதைப் பார்த்தால் நெஞ்சு வயர்களை வலப்பக்கம் ஒட்டி, கை வயரையும் மாற்றி இன்னொரு பிரதி எடுத்து, மேலே தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

உங்கள் தம்பி கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். அப்பெண்டிக்ஸ் வந்தால் இவருக்கு இடப்பக்கம் குத்தும். பித்தப்பைக் கல் வந்தாலும் இடப்பக்கம். நெஞ்சு வலி வலப்பக்கம் வந்தால் "தசைப் பிடிப்பு" என்று எண்ணெய் பூசி அனுப்பிவிடுவார்கள். மயங்கி விழுந்தால் ஷொக் கொடுக்கும் தட்டுகளையும் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். அவர் பேச முடியாத நேரத்தில் கொப்பிதான் பேசும்.

ஓட்டமாவடி_ராத்தா
அஸ்ஸலாமு அலைக்கும். இதை வாசிச்சதும் எழுதாம இருக்க ஏலல்ல. என்ட தங்கச்சிக்கும் இதேதான், சின்ன வயசிலேயே தெரியும். எக்கோ எல்லாம் நல்லம். இப்ப கலியாணம் பேசுறம். வாப்பா சொல்றார், மாப்பிள்ள வீட்டாருக்குச் சொல்லத் தேவையில்ல எண்டு. எனக்கு மனசு கேக்குதில்ல.

சம்மாந்துறை_காக்கா
வாப்பா சொல்றது சரி. வருத்தம் இல்லாததை ஏன் சொல்லணும்? கண்ணாடி போடுறதைச் சொல்றமா? சொன்னா ஊருக்குள்ள "அந்தப் புள்ளைக்கு இதயத்தில ஏதோ" எண்டுதான் சுத்தும். பிறகு அதைத் திருத்த ஏலாது.

வாட்டு_மிஸ்
காக்கா, ஊர் பேசுறது வேற, புருஷனுக்குத் தெரிய வேண்டியது வேற. ராத்திரி அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப் போறது அவர்தான். டியூட்டி டொக்டர் கேட்டால் அவருக்குப் பதில் தெரிய வேணும்.

சம்மாந்துறை_காக்கா
கலியாணம் முடிஞ்சு சொல்லலாமே.

வாட்டு_மிஸ்
முடிந்து சொன்னால் "மறைத்தார்கள்" என்று வரும். இப்போது சொன்னால் ஒரு நாள் பேச்சு. டொக்டர் கடிதத்தையும் சேர்த்துக் காட்டுங்கள் ராத்தா.

வெள்ளைக்கோட்டு_மாணவி
ராத்தா, மாப்பிள்ளை சொந்தமா? கேட்பது குறை சொல்ல அல்ல, எங்கள் பக்கம் மச்சான் மச்சாள் கட்டுவது வழமைதானே. சிலியாக் கோளாறு பெரும்பாலும் தாயிடமும் தகப்பனிடமும் இருந்து ஒவ்வொரு பிழையான மரபணு வந்தால்தான் வரும். இருவரும் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. உங்கள் தங்கச்சிக்கு நாட்பட்ட சளித் தொல்லை இல்லையென்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. இருந்தால் நெஞ்சு நிபுணரிடம் முதலில் காட்டுங்கள்.

ஓட்டமாவடி_ராத்தா
சொந்தமில்ல, பிறத்தி. சளித் தொல்லையும் இல்ல. மிஸ் சொன்னதை வாப்பாக்கு வாசிச்சுக் காட்டினன். "யோசிப்பம்" எண்டார். அவர் யோசிப்பம் எண்டா பாதி சரி எண்டுதான்.

பாண்டிருப்புப்_பெடியன்
என்ட கதையையும் கேளுங்க. போன வருசம் பெரியநீலாவணையில பைக்கில விழுந்து முழங்கால் வீங்கிட்டுது. ஒரு இடத்தில எக்ஸ்ரே எடுத்து, முழங்கால் சில்லு உடைஞ்சிருக்கு எண்டு மாக்கட்டுப் போட்டு விட்டாங்க. மறுகா வேற டொக்டர் பார்த்து, விழாத காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பு, ஏன் நல்ல காலை எடுக்கிறார் எண்டு. பார்த்தா அந்தக் காலிலயும் அதே இடத்தில அதே உடைவு! பிறப்பிலேயே ரெண்டாம். மாக்கட்டை வெட்டிப்போட்டு அனுப்பினார்.

இருட்டறை
அதுதான் இருதுண்டு முழங்கால் சில்லு, பைபார்டைட் பட்டெல்லா. நூறில் ஏறத்தாழ ரெண்டு பேருக்கு இருக்கும், ஆம்பிளைகளில் கூடுதலா. சின்ன வயசில ரெண்டு இடத்தில எலும்பு வளரத் தொடங்கி ஒட்டாம நிண்டது. பெரும்பாலும் மேல் வெளி மூலையில்தான் வரும். உடைஞ்ச எலும்பின் விளிம்பு கூரா, பிய்ஞ்ச மாதிரி இருக்கும். இதில விளிம்பு வழவழப்பா, வெள்ளைக் கோடு போட்ட மாதிரி முடிஞ்சிருக்கும். இருந்தாலும் விழுந்த பிறகு சரியா அந்த மூலையில நோகுது எண்டா கவனிக்கத்தான் வேணும். ரெண்டு துண்டுக்கு இடையில இருக்கிற இணைப்பும் அடிபட்டுப் பிரியலாம்.

என்ட வேலைக்காலத்தில மறக்காத ஒரு படம் சொல்றன். வயசான வயற்காரர், வயித்துக்குத்து. நிக்க வெச்சு எடுத்த நெஞ்சுப் படத்தில வலது உதரவிதானத்துக்கும் ஈரலுக்கும் இடையில கறுப்புக் காற்று. அது சாதாரணமா குடல் ஓட்டை விட்டதுக்கு அடையாளம், உடனே வயித்தைத் திறக்க வேணும். தியேட்டருக்குச் சொல்லியாச்சு. கன்சல்டன்ட் வந்து படத்தை விளக்குப் பெட்டியில போட்டு நிதானமாப் பார்த்தார். அந்தக் கறுப்புக்குள்ள மெல்லிய மடிப்புக் கோடுகள். பெருங்குடலின் மடிப்பு! வெளியில வந்த காற்றுக்கு மடிப்பு இருக்காது. ஆளை இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வெச்சு இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். வெளிக்காற்று எண்டா பக்கவாட்டில, ஈரலுக்கு மேல ஏறி நிக்க வேணும். இது மடிப்போட குடலுக்குள்ளேயே நிண்டுது. பெருங்குடல் போய் ஈரலுக்கு முன்னால குந்தியிருக்கு. அவ்வளவுதான். 1910இல் கிலாயிடிடி எண்ட டொக்டர் வியன்னாவில இருந்து மூண்டு பேரில விவரிச்சதால அவர் பேரிலயே சொல்லுவாங்க. அந்த மனிசன் எனிமா குடுத்ததோட எழும்பி வீட்ட போனார்.

இப்ப எல்லாருக்கும் ரிப்போர்ட் போனுக்கே வருது, கூகிளில தேடி நடுங்கிறாங்க. என்ட அபிப்பிராயம், இப்பிடியான அமைப்புகளை ரிப்போர்ட்டில கட்டாயம் எழுத வேணும், கூட ஒரு வரி "இது நோயல்ல" எண்டும் எழுத வேணும். முதல் வரியை எழுதி ரெண்டாவதை விடுறது பாதி வேலை.

அக்கரைப்பற்று_நானா
அப்ப எனக்கு அந்த ரெண்டாவது வரி எழுதலாமா ஐயா? ஸ்கேனில "குதிரை லாடச் சிறுநீரகம்" எண்டு வந்திருக்கு. ஆறு மில்லிமீட்டர் கல்லும் இருக்காம்.

இருட்டறை
உங்களுக்கு முழுசா எழுத ஏலாது நானா, கல்லும் இருக்கே. அமைப்பு மட்டும் எண்டா நானூறு ஐந்நூறு பேரில் ஒருத்தருக்கு இருக்கும். கருவில ரெண்டு சிறுநீரகமும் இடுப்புக்குள்ள இருந்து மேல ஏறும். வழியில கீழ் நுனிகள் ஒட்டிப்போனா, பெருநாடியில இருந்து குடலுக்குப் போற கீழ் ரத்தக்குழாயில தடுத்து அங்கேயே நிக்கும். சிறுநீர்க் குழாய் அந்த ஒட்டின பாலத்துக்கு மேலால வளைஞ்சு இறங்கிறதால சலம் தேங்கும். தேங்கினா கல்லும் வரும், கிருமியும் வரும். கல்லுக்கு வைத்தியம் செய்யிறவர் இந்த அமைப்பைத் தெரிஞ்சே திட்டம் போடுவார். முதுகெலும்புக்கு முன்னால கிடக்கிறதால வயித்தில பலமா அடி விழுந்தா நசுங்கலாம், விளையாட்டில கவனம். தண்ணி நல்லாக் குடிங்க. யூரோலஜி கிளினிக்கைத் தவற விடாதீங்க.

கல்லடி_வாசி
ஒரு செய்தி. எக்கோவும் வயித்து ஸ்கேனும் முடிஞ்சுது. எல்லாம் மாறித்தான் இருக்கு, எல்லாம் நல்லாவும் இருக்கு. மண்ணீரல் வலப்பக்கம், ஈரல் இடப்பக்கம். ஸ்கேன் செய்த டொக்டர் பக்கத்து அறையில இருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினாராம். தம்பிக்குப் பெருமை பிடிபடேல்ல. இதய நிபுணர் "வேலை செய்யத் தடையில்லை" எண்டு கடிதம் தந்திருக்கார். ஏஜென்சிக்காரர் அதை அனுப்பியிருக்கார், மறுமொழி இன்னும் வரேல்ல. வராட்டியும் பரவாயில்ல, அம்மா சாப்பிடுறா.

மருதமுனைத்_தறி
இந்த இழையை முழுசா வாசிச்சன். இருட்டறை ஐயாட்ட ஒரு கேள்வி. என்ட உம்மா தறியில நெய்யிறவ. வலது கையில மோதிர விரலும் சின்ன விரலும் விறைக்குது, கையைத் தூக்கி நூல் பூட்டேக்க கூடுது. மணிக்கட்டு நரம்பு எண்டு பட்டி குடுத்தாங்க, சுகமில்ல. இப்ப கழுத்து எக்ஸ்ரேயில "கழுத்து விலா" எண்டு எழுதியிருக்கு. இது அதாலயா?

இருட்டறை
இருக்கலாம் மகன். மணிக்கட்டில நரம்பு நசிஞ்சா பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல்தான் விறைக்கும். மோதிர விரலின் சின்னவிரல் பக்கமும் சின்ன விரலும் எண்டா நரம்பு முழங்கையில நசியுது, இல்லாட்டி கழுத்துக்கும் தோளுக்கும் இடையில. கழுத்தின் ஏழாவது முள்ளெலும்பில கூடுதலா ஒரு விலா முளைச்சா, கைக்குப் போற நரம்பின் கீழ்ப்பகுதி அதுக்கு மேலால வளைஞ்சு போக வேண்டி வரும். கையைத் தூக்கினா கூடுதெண்டு நீங்க சொல்றதும் அதுக்குப் பொருந்துது.

ஆனா கழுத்து விலா நூறில் ஒருத்தருக்கு, அல்லது அதுக்கும் குறைவாத்தான் இருக்கும், அதிலயும் பெரும்பாலானவங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல. அதால படத்தில இருக்கிறதாலேயே அதுதான் காரணம் எண்டு சொல்ல ஏலாது. டொக்டர் கையைத் தூக்க வெச்சு, நாடி பிடிச்சு, முழங்கை நரம்பையும் தட்டிப் பார்த்து, தேவைப்பட்டா நரம்பு ஓட்டப் பரிசோதனை செய்வார். பெரும்பாலும் முதல்ல பிசியோதெரபிதான். விரல் குளிர்ந்து வெளிறினாலோ, உள்ளங்கைத் தசை சூம்பத் தொடங்கினாலோ சுணங்க வேண்டாம், உடனே காட்டுங்க.

மருதமுனைத்_தறி
பெருவிரலடிச் சதை கொஞ்சம் வத்தின மாதிரித்தான் இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போறன் ஐயா.

வாட்டு_மிஸ்
காலையில வெள்ளனவே போங்கள் தம்பி. பழைய எக்ஸ்ரே படத்தையும் கையில் கொண்டு போங்கள், ரிப்போர்ட் மட்டும் காணாது.